அம்மாவை யாரும் கேட்கவில்லை

அன்பு மகளுக்கு,

நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது. உன் அம்மா தானும் நலம் என்று எழுதச் சொல்லிவிட்டுக் காய்ச்சலோடு வேலைக்குப் போயிருக்கிறாள்.

தேர்தலில் தோற்றுவிட்டோம், விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டு வித்தியாசத்தில். நாங்கள் நிறுத்திய டீச்சரம்மா ஜெயித்திருந்தால் மாநிலச் சட்டசபையில் ஒரே ஒரு ஓட்டு குறைவதால் நிற்கும் அந்தச் சட்டம் நிறைவேறியிருக்கும். உடம்பு சரியில்லாதவர்களுக்குச் சம்பளம் பிடிக்காமல் லீவு தரவேண்டும் என்கிற சட்டம். உன் அம்மா மாதிரி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்காகத்தான் ரிட்டையர் ஆன பிறகும் செருப்புத் தேய அலைந்தேன். எங்கள் பிரசாரக் குழுவில் ஒரு வழக்கம், நமக்குத்தான் போடுவார்கள் என்று உறுதியான வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது. குழுவை நடத்தும் வக்கீல் தம்பி, "நம்ம ஆளுங்க எப்படியும் வந்துடுவாங்க சார், ஊசலாடுறவங்களைப் பிடிங்க" என்பான், நானும் மண்டையை ஆட்டிக்கொண்டு போவேன். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். ஒரு அம்மாள் தன் மருமகளைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு, யாருக்குப் போடுவேன் என்று கடைசிவரை சொல்லவில்லை. நம் தெருவில் மட்டும் ஒரு கதவைக்கூடத் தட்டவில்லை, பாதிப் பேர் ஓட்டுப் போடவே போகவில்லை. மாடிவீட்டுத் தையல்காரரைக் கேட்டால், "யாருமே வந்து கூப்பிடலையே, ஜெயிச்சுடுவீங்கன்னு இருந்துட்டேன்" என்கிறார். வாயில் நன்றாக வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஓட்டு நாளன்று நம் பழைய காரில் ஊரையே ஏற்றி இறக்கினேன். நடக்க முடியாத பெரியவர்கள், கைக்குழந்தைக்காரிகள், எதிர்க்கட்சிக்குத்தான் போடுவேன் என்று வண்டியில் உட்கார்ந்துகொண்டே சொன்ன ஒரு மகானுபாவர் உட்பட. முடிவு தெரிந்ததும் சாப்பிடாமல் உட்கார்ந்து தெருக்காரர்களைத் திட்டித் தீர்த்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா மெதுவாக, "நானும் போடலைங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாப்பாட்டு நேரம் முழுக்கச் சலவைக்கூடத்து வாசலில் நின்றாளாம். "எல்லாரையும் கூட்டிட்டுப் போறீங்க, எனக்கும் வருவீங்கன்னு பார்த்தேன். மணி அடிச்சுட்டாங்க, உள்ளே போயிட்டேன்" என்றாள். வேலை முடிந்து வெளியே வருவதற்குள் வாக்குச்சாவடியை மூடிவிட்டார்கள். ஒரு போன் பண்ணக்கூடாதா என்று கத்தினேன். "நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன், அவள் சாதாரணமாகச் சொன்னாள். நேற்று வக்கீல் தம்பி போன் செய்து, "அடுத்த தேர்தல்ல பார்த்துக்கலாம் சார்" என்கிறான். அதுவரை இவள் காய்ச்சலோடு போகட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

நீ ஈரத்தலையோடு வெளியே போகாதே. உடம்புக்கு முடியாவிட்டால் லீவு போடு, உனக்காவது அது இருக்கிறது. எந்தக் குறையுமில்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு.

மறக்காமல் ஒன்று எழுது. உன் ஓட்டு இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறது. இங்கேதான் வெளியூரில் இருப்பவர்கள் தபாலிலேயே ஓட்டுப் போடலாமே, அனுப்பியிருப்பாய் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன், உன்னையும் கேட்கவில்லை. அனுப்பினாயா அம்மா?

உன் அப்பா