பீரங்கி தின்ற காது

ஜூன் 9, திங்கள்
ஓசூரில் விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. மாவு அரைக்க வேண்டும்.

நாளை என் வீட்டுக்காரருக்குப் பெங்களூர் ராணுவ ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை. பதினேழு வருஷம் ராணுவத்தில் பீரங்கி சுட்டவர். இப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது பாதி. கேட்காது என்று டாக்டர்கள் எழுதினால் ஊனத்துக்கான பென்ஷன். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை காலி. வாயைத் திறந்து ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

எடுத்துப் போக: டிஸ்சார்ஜ் புத்தகம், ஆதார், போட்டோ 4, தயிர்சாதம்.

ஜூன் 10, செவ்வாய்
அத்திப்பள்ளியில் முக்கால் மணி நேரம் பஸ் நகரவில்லை.

ஆஸ்பத்திரியில் கண்ணாடி வைத்த சின்ன அறை. தலையில் ஹெட்போன், கையில் பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வெளியே நின்று பார்த்தேன். இவருக்கு எதுவும் கேட்கவில்லை. மெஷினைத் திருகுகிறவரின் விரல் அசையும்போதெல்லாம் அமுக்கினார். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

திரும்பும்போது காதோரம் கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.
"ஏங்க அப்படிப் பண்ணீங்க?"
"ஆபீசர் யூனிபார்ம்ல முன்னாடி நிக்கிறாரு. கேக்கலைன்னு எப்படிச் சொல்றது? காது போச்சுன்னு சொன்னா பீரங்கிகிட்டயே விடமாட்டாங்க."

பீரங்கியை விட்டு வந்து ஆறு வருஷம் ஆகிறது!

ஜூன் 12, வியாழன்
டிவியில் எங்கோ ஒரு நாட்டில் பீரங்கித் தாக்குதல். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "நல்லா போட்டுத் தாக்குறானுங்க பாரு!" வாயெல்லாம் பல். போய் டிவியை அணைத்தேன். காபியும் கொடுக்கவில்லை.

குண்டு விழுந்த வீட்டில் யார் சமைத்துக்கொண்டிருந்தார்களோ. சுட்டவருக்கே குக்கர் விசில் கேட்கவில்லை, அவர்களுக்கு அடுப்பே மிஞ்சியிருக்காது. இவர் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்: "அடிச்சது எங்க விழுந்துச்சுன்னு ஒருநாளும் பாத்ததில்ல." காதில் பஞ்சு வைத்தால் ஆர்டர் கேட்காது என்று ஆபீசர்கள் அதையும் பிடுங்கி எறிவார்களாம்.

ஜூன் 14, சனி
அந்தக் காகிதத்தைப் பெருமையாகக் கம்பெனியில் காட்டியிருக்கிறார். உடனே லோடிங் பக்கம் மாற்றிவிட்டார்கள். ரிவர்ஸில் வரும் லாரிகளுக்கு விசில் ஊதி வழிகாட்டும் வேலை. காது கேட்காத மனுஷனுக்கு!

இவருடைய ஷிப்ட் முடியும் நேரத்தில் அந்தப் பக்கம் போனேன். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறேன்: ஒரு லாரியைப் பார்த்து ஊதிக்கொண்டிருக்கிறார், முதுகுக்குப் பின்னால் இன்னொன்று வருகிறது. கிளீனர் "நில்சு! நில்சு!" என்று கன்னடத்தில் அலறுகிறான். இவர் அசையவில்லை. ஒரு முழம் இருக்கும்போது லாரி நின்றது. இவர் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தார்.



ஜூன் 16, திங்கள்
இவருக்குத் தெரியாமல் எச்.ஆர். மேடத்தைப் பார்த்தேன். "அந்தப் பேப்பர் பொய்ங்க மேடம். அவருக்குக் காது கேக்காது. லாரி ஏறிடும்."

புருஷனைக் காட்டிக்கொடுத்தேன். ஆமாம்.

ஜூன் 17, செவ்வாய்
நல்ல வெயில். வேலை போய்விட்டது.

யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. தெரிந்திருக்கும். பின்னால் நின்று திட்டித் தீர்த்தேன். அந்தப் பட்டனை, பஞ்சை, பீரங்கியை, அதைச் செய்தவனை, சுடச் சொன்னவனை, இவருடைய வீம்பை. தொண்டை கட்டிவிட்டது.

தண்ணீர் குடிக்கத் திரும்பியவர் என் வாய் அசைவதைப் பார்த்தார். சொம்பைக் கீழே வைத்தார்.

"முன்னாடி வந்து திட்டு. எனக்குக் காது கேக்காது."

ஆறு வருஷத்தில் முதல் தடவை.

முன்னால் போய் நின்று, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.