பெப்பர்மிண்ட் இல்லாத ஞாயிறு

அன்பு மகள் கோராவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே மேஜையில், இப்போது பேச்சுவார்த்தையோடும் சுகமாக இருக்கிறோம். கனடாவில் நீயும் மாப்பிள்ளை ஹூபும் பேரன் பிம்மும் வயிற்றில் இருக்கிற செல்லமும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். "இப்போது பேச்சுவார்த்தையோடும்" என்பதைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்குவாய், எனக்குத் தெரியும். பொறு, சொல்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கால் வீங்குகிறது என்று எழுதியிருக்கிறாய், உப்பைக் குறை, மாலைக் கறவையை ஹூபிடம் விட்டுவிடு, மாடுகள் உன்னைத் தேடி அழாது. ஹூபை உங்கள் சபையில் மூப்பராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று பெருமையாக எழுதியிருந்தாய். சந்தோஷம்தான், நல்ல பையன், தகுதியான பையன். ஆனால் மூப்பர் பெண்டாட்டியாக இருபது வருஷம் குப்பை கொட்டியவள் சொல்கிறேன், இங்கே நடந்த கூத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் பெருமைப்படு.

பிம் பிறந்தபோது நாங்கள் வரவில்லை. நீ ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த வருஷம் நீ அனுப்பிய கடிதங்கள் எல்லாம் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டன, நான் கவனிக்காமல் இல்லை. அப்போது உன் அப்பா சொன்னது, "சபையில ஆள் இல்ல நெல்லா, அடுத்த குழந்தைக்குப் போய்க்கலாம்." சரி என்று விட்டேன். இந்த மார்ச்சில் உன் செய்தி வந்ததும் அவரே சமையலறையில் வந்து நின்று, "செப்டம்பரோட என் மூப்பர் தவணை முடியுது, அக்டோபர்ல கிளம்பறோம், மூணு மாசம் இருந்துட்டு வரலாம். நாம சத்தியம் பண்ற ஆளுங்க இல்ல, ஆனா ஆமான்னா ஆமா" என்றார். நான் அன்றைக்கே பிம்முக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டேன். போன வாரத்துக்கு முந்தின வாரம் புதன்கிழமை மேஜையில் இறால் உரித்துக்கொண்டு இருந்தபோது தபாலில் சபை மடல் வந்தது. மூன்றாம் பக்கத்தில், சகோதரர் லேன்டர்ட், அதாவது உன் அப்பா, மீண்டும் மூப்பராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், அழைப்பை மனமுவந்து ஏற்றுக்கொண்டார், இன்னும் நாலு வருஷம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மூன்று தடவை படித்தேன். இறால் கை, காகிதமே நாறிப்போயிற்று. அவர் தோட்டத்தில் அவரைக்கொடி கட்டிக்கொண்டு இருந்தார். என்ன இது என்று கேட்டதற்கு, "கேட்டாங்க, மறுக்க முடியல. உங்கிட்ட சொல்ல நேரம் பாத்துட்டு இருந்தேன்" என்றார். அவர்கள் கேட்டதிலிருந்து பதினோரு நாளாக நேரம் பார்த்திருக்கிறார். என் வீட்டுச் சமாசாரம் எனக்கே தபாலில் வந்து சேருகிறது. உள்ளே வந்து மிச்ச இறாலை உரித்தேன். அதோடு பேச்சை நிறுத்தினேன்.

நாலு நாள். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வழக்கம்போல வேதம் வாசிப்பார், முடிந்ததும் நான் ஆமென் சொல்வேன், நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தைதான். சிரிக்காதே, அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புக் கோட்டின் வலது பைக்குள்ளே உள்துணி கிழிந்திருந்தது. திங்களன்றே தைத்து வை என்று சொல்லியிருந்தார், ஆகட்டும் என்றிருந்தேன். புதனுக்குப் பிறகு ஊசியைத் தொடவில்லை. இன்னொன்றும் செய்தேன், அதாவது செய்யாமல் விட்டேன். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவர் பையில் மூன்று பெப்பர்மிண்ட் போட்டு அனுப்புவது என் வேலை, உனக்குத்தான் தெரியுமே, பிரசங்கத்தின் மூன்று பகுதிக்கும் ஒவ்வொன்று. முப்பத்தெட்டு வருஷத்தில், நீ பிறந்த ஞாயிறு உட்பட, ஒரு நாள் தவறியதில்லை. அந்த ஞாயிறு போடவில்லை.

நம் போதகர் டெக்கரை நீ பார்த்ததில்லை. இருபத்தொன்பது வயது, இதுதான் முதல் சபை, வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நல்ல பிரசங்கி, ஆனால் பீடத்தில் நின்று சில சமயம் புன்னகை செய்துவிடுவார், அது சிலருக்கு ஆகவில்லை. வெங்காய வியாபாரி யோப்பைக் கேட்டால், "சிரிக்கறதுக்குச் சந்தை இருக்கு, கோயில் எதுக்கு" என்பான். இதற்கு நடுவில் பெரிய சபை ஒன்றிலிருந்து போதகருக்கு அழைப்புக் கடிதம் வந்திருந்தது, எங்களை விட்டு அங்கே வரும்படி. பதில் சொல்ல மூன்று வாரம், கெடு போன சனிக்கிழமை. போவாரா இருப்பாரா என்று ஊரே காத்துக்கொண்டு இருந்தது. அந்த ஞாயிறுதான் உன் அப்பாவுக்கு முறை. பிரசங்கத்துக்கு முன்னாலும் பின்னாலும் பீடத்துப் படிக்கட்டின் அடியில் முறை மூப்பர் போதகருக்குக் கை கொடுக்க வேண்டும், முடிந்ததும் கொடுக்காவிட்டால் பிரசங்கம் சரியில்லை என்று சபைக்கு முன்னால் அறிவித்த மாதிரி. நம் ஊரில் கடைசியாக அப்படி நடந்தது என் தகப்பனார் காலத்தில், அந்தப் போதகர் ஆறு மாதத்தில் மூட்டை கட்டிவிட்டார்.

பிரசங்கம் சொன்ன சொல்லில் நிற்பதைப் பற்றி. முதல் பகுதியில் உன் அப்பா கையை வலது பையில் விட்டார். எடுத்தார். இடது பை, அப்புறம் உள் பை. மூப்பர்கள் பெஞ்சு எங்களைப் பார்த்துத்தான் இருக்கிறது, எல்லாம் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் சங்கீதப் புத்தகத்தைப் பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, கர்த்தர் மன்னிக்கட்டும். மூன்றாம் பகுதியில் போதகர், இருபது வருஷம் கோயில் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கிற மனுஷன் சமையலறையில் கொடுத்த வாக்கைத் தொலைத்துவிட்டு நிற்கலாம் என்றார். உன் அப்பாவின் முகம் பீட்ரூட் மாதிரி ஆயிற்று. கை மறுபடியும் வலது பைக்குள் போயிற்று. கடைசிப் பாட்டு, ஆசீர்வாதம், போதகர் படி இறங்கிக் கையை நீட்டினார். உன் அப்பா இடது கையில் வேதப் புத்தகம், வலது கை பைக்குள், தலையைக் குனிந்துகொண்டு அவரைத் தாண்டி நேரே மூப்பர்கள் அறைக்குள் போய்விட்டார். முன்னூறு பேர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். போதகர் நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு மடக்கிக்கொண்டார்.

வாசலில் யோப் ஓடிவந்து உன் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான், அப்போது கை வெளியே வந்திருந்தது. "ரெண்டு வருஷமா இந்தச் சபையில ஒரு ஆம்பளை இல்லையேன்னு நினைச்சேன். தப்பு, லேன்டர்ட் இருக்கான்" என்றான். இன்னும் நாலு பேர் தோளைத் தட்டினார்கள். உன் அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் பேசாமல் இருக்கிறேனே, கேட்க முடியுமா. சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தேன். திங்களன்று ரொட்டிக்கடையில் போதகரின் மனைவி ஹானெக்கேவைப் பார்த்தேன், அழுது அழுது கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ரொட்டியை வாங்காமலே கிளம்பப் பார்த்தாள், கையைப் பிடித்து நிறுத்தினேன். "உங்க வீட்டுக்காரர் மேல அவருக்கு அப்பா மாதிரி மரியாதைம்மா. அவரே கை குடுக்கலைன்னா இங்க எனக்கு என்ன வேலைன்னு சொல்லிட்டு, வர்றேன்னு கடிதம் எழுதிட்டு இருக்கார்" என்றாள். தோட்டத்தில் அவள் நட்ட ரோஜா இந்த வருஷம்தான் பூத்திருக்கிறது. அதைச் சொன்னபோதுதான் உடைந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பேசாவிரதத்தை முடித்தேன். "உங்க கைக்கு என்ன ஆச்சு" என்று கேட்டேன். உன் அப்பா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு இருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "மோதிரம்" என்றார். கல்யாண மோதிரம், நம் ஆட்களுக்கு வலது கையில்தானே. ஓட்டைக்குள் ஒரு பழைய பெப்பர்மிண்ட் தட்டுப்பட்டிருக்கிறது, அதைத் துழாவப் போய் மோதிரம் கிழிந்த துணியின் நூலில் சிக்கிக்கொண்டுவிட்டது, இழுக்க இழுக்க இறுகுகிறது. கோட்டைக் கொண்டுவந்து பார்த்தேன், அறுந்த நூல் சுருண்டு கிடக்கிறது. நான் சிரித்தேன் கோரா, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், நாலு நாள் அடக்கியது எல்லாம் சேர்ந்து வந்தது. அவர் சிரிக்கவில்லை. "இதப் போய் யார்கிட்ட சொல்றது? பிரசங்க நேரத்துல மூப்பர் மிட்டாய் தேடினான்னா யோப் கல்லறை வரைக்கும் சொல்லிச் சிரிப்பான்" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உங்களால அந்தச் சின்னப் போதகர் பெட்டி கட்டிட்டு இருக்கார், நீங்க யோப் சிரிப்பான்னு பயப்படறீங்களா என்று கேட்டேன். அதோடு மிட்டாயை மட்டும் சொன்னால் பாதிதான், பை ஏன் காலியாக இருந்தது என்றும் சொல்ல வேண்டும், அதில் என் பங்கை நான் சொல்லிக்கொள்கிறேன், கிளம்புங்கள் என்றேன்.

எதிர்காற்றில் அணைக்கரை வழியாகச் சைக்கிள் மிதித்துப் போனோம். ஒரு வார்த்தை பேசவில்லை, இந்தத் தடவை மூச்சு வாங்கியதால். போதகர் வீட்டு வரவேற்பறையில் அழைப்புக் கடிதமும் பதில் கடிதமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. உன் அப்பா உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார், மார்ச் மாதம், உன் பேறுகாலம், சபை மடல், பெப்பர்மிண்ட், மோதிரம், யோப் தோளைத் தட்டியபோது வாயைத் திறக்காமல் இருந்தது. "பிரசங்கம் தப்பா இருந்துச்சுன்னு இல்ல, போதகரே. சரியா இருந்துச்சு. ஓட்டை வரைக்கும் தெரிஞ்ச மாதிரி சரியா இருந்துச்சு" என்றார். நான் தைக்காததையும் போடாததையும் சொன்னேன். போதகர் உன் அப்பாவின் கோட்டுப் பையையே பார்த்துக்கொண்டு இருந்தார். முதலில் சிரித்தது ஹானெக்கே. அப்புறம் அவர், "மூணாம் பகுதி உங்களுக்கு எழுதினதில்ல. எனக்கு. அழைப்பு வந்தா இவளைக் கேட்டுத்தான் பதில்னு வாக்குக் குடுத்திருந்தேன். கேக்காமயே எழுத உக்காந்துட்டேன்" என்றார். ஹானெக்கே அந்தப் பதில் கடிதத்தை எடுத்து மடித்துக் காப்பி ஜாடிக்கு அடியில் வைத்தாள். பிஸ்கட் டப்பா நம் ஊர் வழக்கப்படி ஆளுக்கு ஒன்று எடுத்ததும் மூடப்பட்டது, அதனால் அவர்கள் சிக்கனமான நல்ல கிறிஸ்தவக் குடும்பம் என்று தெரிந்துகொண்டேன்.

வியாழனன்று உன் அப்பா மூப்பர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, ஒரே அக்டோபருக்கு இரண்டு பேரிடம் ஆமாம் சொல்லிவிட்டேன், முதலில் வாங்கியவள் என் மனைவி, அவளுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும், என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். மிட்டாயையும் மறைக்கவில்லை. சபைச் சட்டப்படி அடுத்து அதிக வாக்கு வாங்கியவரைத்தான் கூப்பிட வேண்டும், அது யார் என்று நினைக்கிறாய், வெங்காய யோப். போதகரே, நல்லது, அவர் வரட்டும் என்று சொல்லிவிட்டாராம். இனிமேல் முறை வரும்போதெல்லாம் படிக்கட்டடியில் நின்று அவன்தான் கை நீட்ட வேண்டும். புன்னகையைக் கிட்டத்தில் பார்த்துப் பழகட்டும்.

நேற்று ஞாயிறு. வேறொருவர் முறை, செப்டம்பர் வரைக்கும் இவரும் மூப்பர்தானே, உன் அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். முன்னூறு பேர் பார்க்கக் கெடுத்ததை முன்னூறு பேர் பார்க்கத்தான் சரிசெய்ய வேண்டும் என்றார். சனிக்கிழமையே பையைத் தைத்து மூன்று பெப்பர்மிண்ட்டும் போட்டுவிட்டேன். ஆராதனைக்கு முன் படிக்கட்டடியில் போதகரின் கையைப் பிடித்தார், விடவே இல்லை, எல்லாரும் எட்டிப் பார்க்கிற வரைக்கும் பிடித்திருந்தார். போதகர் பீடத்தில் ஏறி உள்ளங்கையைத் திறந்து பார்த்து மறுபடி மூடிக்கொண்டதை நான் பார்த்தேன், அதில் ஒரு பெப்பர்மிண்ட் இருந்தது. பிறகு அறிவிப்பு வாசித்தார், அழைப்பை ஏற்கவில்லை, இங்கேயே இருக்கிறார். ஹானெக்கே கைக்குட்டையை எடுத்தாள், எனக்கும் ஒன்று தேவைப்பட்டது. பிரசங்கம் முடிந்ததும் மறுபடி கை கொடுத்தார். அதோடு மூப்பர்கள் அறைக்குப் போக வேண்டியவர் போகவில்லை. நடுப்பாதையில் நேரே இறங்கி வந்து, என் பெஞ்சுக்கு முன்னால் நின்று, எனக்குக் கையை நீட்டினார். முப்பத்தெட்டு வருஷத்தில் கோயிலுக்குள் என் விரலைக்கூடத் தொட்டதில்லை அந்த மனுஷன். நான் எழுந்து கை கொடுத்தேன். பின்னாலிருந்து யோப், "இது எந்தச் சட்டத்துல இருக்கு" என்று கேட்டது எல்லாருக்கும் கேட்டது.

சபைக்கு உண்மையாக இருப்பது சுலபம் கோரா, முன்னூறு பேர் பார்க்கிறார்கள். வீட்டில் பார்ப்பதற்கு ஒருத்திதான் இருக்கிறாள். இதை ஹூபுக்குப் படித்துக் காட்டு. உனக்கும் ஒன்று சொல்கிறேன். அவர் கை கொடுக்காததை ஊரே பார்த்தது, நான் நாலு நாளாகக் கொடுக்காததை யாரும் பார்க்கவில்லை, ஆனால் அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. கோபம் வந்தால் கேள், கத்து, தட்டை உடை, நான் தந்த நீலத் தட்டை மட்டும் விட்டுவிடு. பேசாமல் இருக்காதே. கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் பிறக்கப்போகிற பிள்ளையையும் தம் கையில் வைத்துக் காப்பாராக. அக்டோபர் பதினான்கு இறங்குகிறோம், டிக்கெட் அலமாரியில் சங்கீதப் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது. பெப்பர்மிண்ட் பன்னிரண்டு சுருள் கொண்டுவருகிறேன், அதுவரைக்கும் சனிக்கிழமைதோறும் ஹூபின் கோட்டுப் பையில் கையை விட்டுப் பார்த்துக்கொள். அப்பாவும் ஒரு வரி எழுதுகிறேன் என்று பேனாவைக் கேட்கிறார், அவர் உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

என்றும் உன்னை நினைக்கும் அம்மா,
பீட்டர்நெல்லா

கோரா, ஆமான்னா ஆமா. வருகிறேன். — அப்பா