மண் தின்ற மகளைத் தூக்கி நடந்தவருக்கு

அலுமாரிக்குள் கரையான் ஏறியிருக்கிறதா என்று இன்று துணிகளை விலக்கிப் பார்த்தபோது அந்த மருந்துப் போத்தல் கிடைத்தது. மூடியைத் திறந்தேன். துருவின் வாடை இன்னும் போகவில்லை. உங்களை நினைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்ற மிதப்பில் அன்று உங்களை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். இன்று அப்படி எழுதக் கை வரவில்லை.

என் மகள் வள்ளிக்கு அப்போது ஐந்து வயது. மாதக்கணக்கில் வயிற்றோட்டம்; சில நாள் சளியும் இரத்தமுமாய்ப் போகும். உதடு வெளுத்து, முகம் ஊதி, வீட்டுச் சுவரைச் சுரண்டி மண் தின்றாள். அதற்காக அவளைப் பிரம்பால் அடித்துக்கொண்டிருந்தேன். காப்பிப்பழக் கூடையோடு போன நீங்கள் குறுக்கே வந்து நின்றீர்கள். அவள் கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினீர்கள். உள்ளே துளிச் சிவப்பில்லை.

“அடிக்காதீங்க ஐயா. சேட்டையில்ல இது. புள்ள ஒடம்புல ரத்தமில்ல. எம் புள்ளயும் இப்பிடித்தான் மண்ணு தின்னு செத்துச்சு.”

கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னீர்கள். பழம் பறிக்கும் காலத்தில் துரையிடம் லீவு கேட்க எனக்குப் பயம். மறுநாள் காலை நீங்களே அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மடுல்கெல்ல ரோட்டில் இறங்கிவிட்டீர்கள். வெட்கத்தோடு பின்னால் ஓடி வந்தேன். வழியில் ஒரு மாட்டுவண்டிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார்.

குடல் புண்ணாகி, பூச்சியும் சேர்ந்து இரத்தத்தைக் குறைத்துவிட்டது என்றார் டாக்டர். வயிற்றுக்கு ஒரு மருந்து, இரத்தம் ஊற இரும்பு கலந்த மருந்து ஒன்று கொடுத்தார். மூன்றாம் நாள் மலம் கறுப்பாய்ப் போனதும் நான் அரண்டு, இரும்பு மருந்தை நிறுத்திவிட்டேன். கேள்விப்பட்டு வந்த நீங்கள், அது கறுப்பாகத்தான் போகும், டாக்டரிடம் கேட்டு வைத்திருக்கிறேன் என்றீர்கள். எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி அது. மறுபடி கொடுத்தோம். அடுத்த காப்பிப் பூ மலர்ந்தபோது வள்ளி ஓடையில் இறங்கி நண்டு பிடித்துக்கொண்டிருந்தாள்.

உங்களுக்கும் மேடேறினால் மூச்சு வாங்கும். கூடையை இறக்கி வைத்து நிற்பீர்கள். சோம்பல் என்று பலர் முன்னால் ஏசியிருக்கிறேன். அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் மலையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. கீழே தூக்கி வந்தபோது உங்கள் கை என் தோளில் கிடந்தது. உள்ளங்கை முழுக்க வெளுப்பு. அத்தனை வருடம் அந்தக் கையை நான் பார்த்ததில்லை.

வள்ளி இப்போது கம்பளையில் குடும்பமாக இருக்கிறாள். பிள்ளைகளுக்கு உங்களைப் பற்றிச் சொல்கிறாள்.

இன்று காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஒருத்தி நிற்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள். அவளை மலைக்கு அனுப்பவில்லை. கண்டிக்கு வண்டி ஏற்றிவிட்டேன். துரை எல்லார் முன்னாலும் காரணம் கேட்டார். எனக்குப் பழைய பயம்தான். ஆனாலும் ‘சோம்பலில்லை, உடம்பில் இரத்தமில்லை’ என்று சொல்லி முடித்தேன்.