ஒரு நூல் இடைவெளி

ஜனவரி 11
நகைக்கடை அலமாரியை முடித்துக் கொடுத்துவிட்டு, மிச்சக் கண்ணாடியைப் பட்டறையிலிருந்து வீட்டுக்குத் தூக்கி வந்தேன். சிலந்திக்கு வீடு கட்டப்போகிறேன். ஆமாம், சிலந்திக்குத்தான். டாரன்டுலா என்கிற பெரிய வகை. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் ரோமம். போன சனிக்கிழமை செல்லப்பிராணிக் கடையில் மகள் அதைப் பார்த்துவிட்டு நகரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். ஒன்பது வயது. அவள் அம்மாவிடமிருந்து மாதத்தில் இரண்டு சனிக்கிழமைதான் என்னிடம் வருகிறாள். முடியாது என்று சொல்லி அதில் ஒன்றை வீணாக்க மனசு வரவில்லை, வாங்கிவிட்டேன். பெயரும் அவளே வைத்தாள்: டீச்சர். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் கவனிக்கிறதாம்.

ஜனவரி 14
பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று சிலந்தி விற்ற கடைக்காரரிடம் கேட்டேன். "உயரம் வேணாம் சார், விழுந்தா வயிறு வெடிச்சிடும். அகலமா செய்ங்க. அடியில நாலு விரல் ஆழத்துக்கு ஈரமான தேங்கா நார்த்தூள், ஒளிஞ்சுக்க ஒரு மரப்பட்டை, சின்னக் கிண்ணத்துல தண்ணி. முன்னாடி கதவு கிதவெல்லாம் வேணாம். மேல இறுக்கமா ஒரு மூடி போதும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆனால் மூடி போட்ட பெட்டி செருப்புப் பெட்டி மாதிரி இருக்கும். பதினெட்டு வருஷமாகக் கடைகளுக்குக் கண்ணாடி அலமாரி செய்கிறவன் அதைச் செய்வானா? நகர்த்தித் திறக்கும் இரட்டைக் கண்ணாடிக் கதவுதான் என் முத்திரை. உரசாமல் ஓட, இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விட்டேன். ஒரு நூல் என்றால் ஒரு அரிசி அகலம். டீச்சர் அதில் ஒரு காலை நீட்டலாம், அவ்வளவுதான்.

ஜனவரி 25
மகள் வந்து பார்த்துக் கைதட்டினாள். "அப்பா, என் ரூமைவிட டீச்சர் ரூம் சூப்பரா இருக்கு!"

சிரித்தேன். அப்புறம் அந்த அறையைப் போய்ப் பார்த்தேன். பாதி இடத்தை என் பலகைகளும் பசை டப்பாக்களும் அடைத்திருக்கின்றன. கட்டில் மட்டும்தான் அவளுடையது.

பிப்ரவரி 3
அவள் அம்மா போன் செய்தாள். புது வேலையில் அடிக்கடி வெளியூர் போக வேண்டுமாம். பள்ளி திறந்ததும் குழந்தை என்னோடு இருக்கலாம், ஆனால் குழந்தைகள் நல அதிகாரி வீட்டைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். மகள் சொல்லிச் சிலந்தி விஷயமும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அந்தச் சனியன் இருக்கிற வீட்டுக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன்."

"குடுத்துட்டேன்."

"நிஜமா?"

"போன வாரமே."

யார் என்ன கேட்டாலும் ஆச்சு, முடிஞ்சது என்று சொல்லிவிடுவது என் வியாதி. அவள் என்னை விட்டுப் போனதும் அதனால்தான். குடி இல்லை, அடி இல்லை. "எது உண்மைன்னு தினமும் தோண்டிப் பார்க்க எனக்குத் தெம்பில்ல" என்றுதான் பெட்டியைக் கட்டினாள். நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் இந்தப் பொய் பொய்யாக இருக்காது, இல்லையா?

பிப்ரவரி 8
கொடுக்கவில்லை. கொடுக்கப்போகிறேன் என்று சொன்னதும் மகள் அழுதாள். பெட்டியை என் துணி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். "அம்மாகிட்ட சொல்லாதே" என்றேன். "சரிப்பா" என்று அழுகையை அப்போதே நிறுத்திவிட்டாள். அந்த வேகம் என்னவோ எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 24
டீச்சர் சாப்பிடுவதில்லை. போட்ட பூச்சி அதன் முன்னாலேயே உலாத்துகிறது. மரப்பட்டையின் வாயை வலையால் மூடிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 2
வலைக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு உருண்டை, எலுமிச்சம்பழ அளவு. டீச்சர் அதை எட்டுக் காலாலும் அணைத்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"முட்டைப்பை சார். இங்க இருக்கும்போதே சினை பிடிச்சிருக்கும். பெட்டியோட எடுத்துட்டு வந்துடுங்க. முந்நூறு, நானூறுகூட இருக்கும், ஒவ்வொண்ணும் எறும்பு சைஸ். பெட்டியில இடுக்கு எதுவும் இல்லையே?"

"இல்ல."

மார்ச் 3
இடுக்கில் டேப் ஒட்டினேன்.

மார்ச் 22
கடைக்குப் போகவில்லை. இந்த வாரமும் வேலை நெட்டித் தள்ளுகிறது. சரி, வேலை மட்டும் காரணமில்லை. கதவைப் பார்த்தால் அந்த ஆள் சிரிப்பான்.

ஏப்ரல் 21-ஆம் தேதி வருவதாக அதிகாரி கடிதம் போட்டிருக்கிறார். மகள் படுக்கும் பின்னறைக்கு வெள்ளையடித்து, பலகைகளை எல்லாம் பட்டறைக்கு மாற்றினேன். இப்போதுதான் அது ஒரு குழந்தையின் அறை மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 19
டேப் ஈரத்தில் பிசுபிசுத்து ஒரு பக்கம் தொங்குகிறது. பை கிழிந்து வெறும் தோலாகக் கிடக்கிறது. மூலையில் ஐம்பது அறுபது குட்டிகள் மொய்க்கின்றன. மிச்சம்?

மிச்சம் எங்கே?

சட்டைக் காலரில் ஒன்று. சுவிட்சின் மேல் மூன்று. மகள் அறைச் சுவரிலும் ஊர்கின்றன; புது வெள்ளை, அதனால் நன்றாகவே தெரிகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். அந்த ஆள் சிரிக்கவில்லை, டீச்சரோடு பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். "கடிச்சா ஒண்ணும் ஆகாது சார். ஆனா எல்லாத்தையும் பிடிச்சுடலாம்னு நினைக்காதீங்க" என்றார்.

மருந்தடித்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். தேதியை மாற்றச் சொல்லலாமா? என்ன காரணம் சொல்வது? உண்மையைச் சொன்னால்தான் என்ன? ஐயோ, அந்தப் பக்கமே புத்தி போகமாட்டேங்குதே.

ஏப்ரல் 20
நாள் முழுக்கத் துடைத்தேன். பிடித்தது நூற்றுப் பதினேழு.

ஏப்ரல் 21
பதினோரு மணிக்கு அதிகாரி மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். சமையலறை, குளியலறை, ஜன்னல் கம்பி எல்லாம் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்ப்பதா, சுவரைப் பார்ப்பதா என்று தவித்தேன். மகள் தன் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையணை மேல் ஒன்று நடந்துகொண்டிருந்தது. நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

அதிகாரி திரும்புவதற்குள் அதன் மேல் கையை வைத்துவிட்டாள்.

"வீட்ல பிராணி ஏதாவது இருக்காம்மா?"

"ஒண்ணு இருந்துச்சு ஆன்ட்டி. அப்பா ரொம்ப நாள் முன்னாடியே குடுத்துட்டாரு."

முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அதிகாரி எதையோ எழுதிக்கொண்டு வெளியே போனார். மகள் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "நான் சொன்னது சரியாப்பா?" என்று கேட்டாள். டீச்சரை அவள் எவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொண்டாள். அதன் குட்டியை நசுக்கிவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்கிறாள்.

சரி என்றேன். என்ன மனுஷன் நான்.

மே 6
அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. "பாதுகாப்பான, ஏற்ற வீடு" என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

ஜூன் 2
மகள் வந்துவிட்டாள். வீட்டைத் தலைகீழாகப் புரட்டி மருந்தடித்தாகிவிட்டது. பத்து நாளாக ஒன்றும் கண்ணில் படவில்லை. இருவருமாக அவள் துணிகளை அடுக்கி முடித்தபோது மணி மூன்று. அப்போது அவள் அம்மா போன் செய்தாள்.

"சாப்பிட்டேம்மா. அப்பாதான் செஞ்சாரு. ரொம்ப நல்லா இருந்துச்சு. ம்... நிஜமாம்மா, ஒரு மணிக்கே."

நான் இன்னும் அடுப்பே பற்ற வைக்கவில்லை. யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொல்லவும் இல்லை. போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "பசிக்குதுப்பா" என்றாள்.