பூட்டனாரின் கடிதங்களில் இல்லாத பெயர்

அக்கா,

இன்று காலை பிஸ்கட் தகரத்தைத் திறந்தேன். மூடி கழன்ற உடனேயே அந்தப் புகையிலை மணம் குசினி முழுக்கப் பரவிவிட்டது. பூச்சி அரிக்காமல் இருக்கக் கடிதங்களுக்கு நடுவே யாரோ எந்தக் காலத்திலோ வைத்த காய்ந்த துண்டு. "உங்கடை வீட்டுச் செல்வம் இன்னும் நாறுது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். இன்று மணம் மட்டும்தான் வந்தது.

என் கணவரின் பூட்டனார் எழுதிய கடிதங்கள். புகையிலைத் தோட்டமும் தென்னங்காணியும் நிறைய வைத்திருந்தவர். ஊருக்காகப் பேசப் போகிறேன் என்று மாதக்கணக்கில் கொழும்பில் தங்கி, துரைமாருக்கு மனுக் கொடுத்து அரசியல் செய்தவர். அங்கிருந்து மனைவிக்கு எழுதியவை, வீடு போன பின்னும் ஒரு பையில் கிடந்து எங்களோடு ஜெர்மனிக்கு, இந்த ஆஹெனுக்கு வந்து சேர்ந்தன. அந்தத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்த குடும்பம் உங்களுடையது. ஊரில் என்றால் நீங்கள் எங்கள் வீட்டுப் படி ஏறியிருக்க விடமாட்டார்கள். இங்கே அகதிகள் விடுதியில் ஒரே அடுப்பில் சமைத்தோம்.

கடிதங்கள் இருப்பது தெரிந்த அன்று நீங்கள் கேட்டது ஒன்றுதான். "தங்கச்சி, அதிலை என்ரை அம்மம்மாவின்ரை தாயின்ரை பேர் இருக்குமோ?"

உங்கள் அம்மம்மாவைப் பெற்ற கையோடு தாய் இறந்துபோனாள். கிணற்றில் துலா மிதித்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவனின் பெண்சாதி என்பதற்கு மேல் எவருக்கும் ஒன்றும் தெரியாது. அந்தப் பெயரை அறிந்து ஒருக்கா விளக்கு வைக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அம்மம்மா கண்ணை மூடினாவாம். தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமிக்கு விரதம் இருப்போம் இல்லையா, அன்று கோயிலில் ஐயர் பெயர்களைக் கேட்டபோது நீங்கள் மூன்றாவது பெயரில் நின்றுவிட்டீர்கள். "தெரியாட்டி ஒரு அம்மன் பேரைச் சொல்லுங்கோ, அது போய்ச் சேரும்" என்றார்.

"அம்மனுக்குப் பேர் இருக்கு, ஐயா. பேரில்லாதது என்ரை ஆளுக்குத்தான்" என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் புதன்கிழமைகளில் வேலை முடிந்து பஸ்ஸில் நேரே என் குசினிக்கு வரத் தொடங்கினீர்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நான், புள்ளி வைக்காத அந்தப் பழைய எழுத்தைத் தட்டுத்தடுமாறி நானே பிடித்துக்கொண்டேன். "நீ வாசி. உங்கடை பூட்டன்ரை கோழிக்கிண்டல் எனக்கு ஏலாது" என்பீர்கள். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் 'சிவமயம்'. வீட்டுக் கணக்குக் கொப்பியின் தலையில் நானும் அதைத்தான் எழுதுகிறேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

அந்தப் புதன் உங்களுக்கு நினைவிருக்கும். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்க நான் வாசித்தேன்: "துலா மிதிக்கிறவன் பெண்சாதி பிள்ளை பெற்று மாண்ட சங்கதி அறிந்தேன். இறைப்பு நிற்கலாகாது, வேறு ஆளை விடவும். வெள்ளையன் தீன் எடுக்கவில்லை என்று எழுதியது மனதை வருத்துகிறது. மிளகும் உள்ளியும் அரைத்துக் கொடுக்கவும். மயிலையைப் பிரித்துக் கட்டவேண்டாம், ஏங்கிப்போவான்."

வெள்ளையனும் மயிலையும் அவருடைய வண்டில் மாடுகள்.

நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தீர்கள். பிறகு, "மயிலை ஏங்கிப்போவானாம்" என்றீர்கள். "அந்தப் பச்சைமண் ஏங்கினதை ஆர் கேட்டது?" நான் கடிதத்தை மடித்தேன். நீங்களே என் கையைத் தட்டி, "சரி, அடுத்ததை எடு. இன்னொண்டிலை எழுதியிருப்பார்" என்றீர்கள்.

எழுதியிருக்கமாட்டார் என்று எனக்கு அப்போதே பட்டது. அரிசி, பருப்பு என்று தினமும் கணக்கு எழுதுகிறவளுக்கு அது தெரியும். எத்தனை தேங்காய், எந்த வேலியில் எந்தக் கதியால் தடி பட்டுப்போனது என்று ஒன்றும் விடாமல் எழுதிய மனிதர் அவர். அப்படிப்பட்ட கையில் ஒரு பெயர் தவறிப்போவதில்லை. அது அவருக்குத் தேவைப்படவில்லை. உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் நம்பிக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு உங்களுக்கு உடம்பு வருத்தம் வந்தது. டாக்டரிடம் நேரம் குறித்த ஒரு டெர்மின், ஆஸ்பத்திரியில் ஒரு டெர்மின் என்று புதன்கிழமைகள் எல்லாம் அதற்கே போயின. கட்டிலில் கிடந்தபடி கேட்டீர்கள்: "இன்னும் கன கடதாசி கிடக்கோ?"

"கொஞ்சம்தான் அக்கா."

"நான் வருமட்டும் வாசிச்சுப் போடாதை."

ஓம் என்றேன். நீங்கள் வரவில்லை. மின்சாரத் தகன அறையின் கதவு மூடியதையும் பார்த்துவிட்டு வந்து, தகரத்தை அலுமாரிக்கு மேலே வைத்தவள்தான். நாளை சித்திரா பௌர்ணமி. அதனால்தான் இன்று இறக்கினேன். சாமி விளக்கை ஏற்றி, பிள்ளையாரே இந்த ஒன்றையாவது தா என்று கும்பிட்டுவிட்டு மிச்சத்தை எல்லாம் வாசித்தேன். முன்பக்கம், பின்பக்கம், ஓரத்தில் குறுக்கே எழுதியது, ஒன்றும் விடவில்லை. கடைசிக் கடிதத்தில் வெள்ளையன் செத்துவிட்டான். தோட்டத்து மூலையில் குழி வெட்டி, மேலே ஒரு வேம்பு நடச் சொல்லியிருக்கிறார்.

அவ்வளவுதான் அக்கா. இல்லை.

கும்பிட்டால் கிடைக்கும் என்று வளர்ந்தவள் நான். விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

நாளை ஐயர் கேட்பார். உங்கள் பெயரைச் சொல்லுவேன். உங்கள் அம்மாவின் பெயரை, அம்மம்மாவின் பெயரைச் சொல்லுவேன். அதற்கு மேலே கேட்டால் வாயைத் திறக்கப் பயமாக இருக்கிறது. அந்தத் தோட்டத்தில் இருந்து எனக்குப் பாடமாகி இருப்பது வெள்ளையன், மயிலை என்ற இரண்டு பெயர்கள்தான்.