அப்பா நின்ற வரிசை

மார்த்தாண்டம்,
1953 ஆகஸ்டு, சனிக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மகன் ஜான்ரோஸுக்கு அம்மா ராகேல் எழுதிக்கொள்வது.

நானும் அப்பாவும் தேவகிருபையால் இருக்கிறோம். சுகமாயிருக்கிறோம் என்றுதான் எழுத வந்தேன். ஆனால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, எழுதுவதையெல்லாம் வாசித்துக் காட்டச் சொல்லுகிறார். பொய் எழுதினால் ராத்திரி ஜெபத்தில் என் பெயரைச் சொல்லிக் கர்த்தரிடம் முறையிட்டுவிடுவார். அதனால் இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்ளுகிறேன்.

உன் கடிதம் வந்து வெகுநாளாகிறது. ஈஸ்டருக்கு முன்னே வந்ததுதான் கடைசி. மணியார்டர் வராததைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதுகிறவனுக்கு, பெற்றவளுக்கு ஒரு கார்டு எழுத நேரமில்லையா என்றுதான் கேட்கிறேன். முன்பெல்லாம் தபால்காரர் நம் வாசலில் நின்று, ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார். இப்போது நிற்பதுமில்லை.

இந்த ஆடியில் மழை விடவேயில்லை. தெற்குப் பக்கம் கூரை ஒழுகுகிறது. பனையேறிய காலத்தில் அப்பா ஊருக்கெல்லாம் ஓலை வெட்டிக் கொடுத்தார். இன்று நம் கூரைக்கு ஓலையில்லை. அவர் கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. ஆஸ்பத்திரியில் காட்டினோம். மரச்சீனிக் கிழங்கை மட்டும் தின்று இந்த வயதில் தாங்காது, சோறும் மீனும் வேண்டும் என்றார்கள். நல்ல வைத்தியம்தான், கடையில் சும்மா கொடுத்தால். எனக்குக் கண் மங்கிவிட்டதால் மிஷனில் ரேந்தை பின்னுகிற வேலையும் போயிற்று. வெள்ளை நூலில் வெள்ளைப் பூ பின்ன இந்தக் கண் போதாது.

இனி எழுத வந்த காரியத்துக்கு வருகிறேன். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து, ஆண்டவருக்கென்று கலயத்தில் போடாமல் நான் ஒருநாளும் சோறு பொங்கியதில்லை. அது உனக்குத் தெரியும். சனிக்கிழமைதோறும் நேசபாய் ஓலைப்பெட்டியோடு வந்து வீடுவீடாக அந்தப் பிடியரிசியை வாங்கிப்போவதும், ஞாயிறு ஆராதனை முடிந்து சபையின் ஏழைகளுக்கு அதை அளந்து கொடுப்பதும் தெரியும். தெரியாதது ஒன்றுண்டு. நம் வீட்டில் உலை வைத்து மாதக்கணக்காகிறது. சோறு பொங்காத வீட்டில் பிடி ஏது? ஆனால் நேசபாயின் பெட்டி நம் வாசலிலிருந்து வெறுமையாய்த் திரும்பினால் அவள் வாய் சும்மா இருக்குமா? ரேஷனில் கிடைக்கிற கொஞ்ச அரிசியை அப்படியே கலயத்தில் கொட்டிவைத்து, வாரந்தோறும் அவளுக்குச் சிரட்டையில் அள்ளிக் கொடுத்தேன். நாங்கள் கிழங்கு அவித்துத் தின்றோம். ஆண்டவருக்குக் கொடுப்பதை நிறுத்த மனம் வரவில்லை. கொஞ்சம் பெருமையும்தான், இல்லையென்று சொல்லவில்லை.

போன வாரம் போதகர் ஐயா வீட்டுக்கு வந்தார். அப்பாவின் காலைப் பார்த்து, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் உன் அப்பா, “கெழங்குதான் ஐயா. அரிசி இருக்கு, அத இவ கோயிலுக்குக் குடுக்கா” என்று சொல்லிவிட்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷனோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை, மகனே. அதன் பலன், சபையில் பேசி, அரிசி வாங்குகிற ஏழைகளோடு நம்மையும் சேர்த்துவிட்டார்கள். இன்று காலையில் நேசபாய் வந்து, “ராகேலக்கா, நாளைக்கு ஒரு பெட்டியும் எடுத்துக்கிட்டு வாருங்க” என்றாள். கிணற்றங்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

நீ எனக்கு ஒரே ஒரு உதவி செய். போதகர் ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுது. என் தாய் தகப்பனை நான் தாங்குகிறேன், அவர்களுக்கு ஒரு குறைவுமில்லை என்று எழுது. பணம் வேண்டாம், அந்தக் கடிதம் போதும். பிடியரிசி கொடுத்தவளாகவே நான் சாகவேண்டும், வாங்கினவளாக அல்ல. இந்த இடத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை.

கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. வேறு காகிதமில்லாததால் கிழிக்கவுமில்லை. மேலே உள்ளதைப் படித்துவிட்டு இதையும் படி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், அரிசி கொடுக்கிற பக்கம் திரும்பாமல் வெளியே வந்தேன். அப்பாவைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் அந்த வரிசையில் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். தன் முறை வந்ததும் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். நேசபாய்தான் அளந்து போட்டாள். சபையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில், நடக்கமுடியாத மனுஷனை விட்டுவிட்டுத் தனியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர் வெகுநேரம் கழித்து வந்து, துவர்த்து மூட்டையை அடுப்படியில் வைத்தார். நான் முகம் கொடுக்கவில்லை. அப்போது சொன்னார்: “ஏட்டி ராகேலு, இத்தன காலமும் நம்ம அரிசி ஆருக்குப் போவுதுன்னு நீ பாத்ததுண்டா? நானும் பாத்ததில்ல. இண்ணைக்குத்தான் அவங்க கூட நிண்ணேன். எனக்கு முன்ன நிண்ணவளுக்குக் கண்ணு தெரியாது. என் மூச்சு வாங்குகத கேட்டுட்டு, வய்யாத்த ஆளு முன்ன போவட்டும்னு அவ ஒதுங்கித் தந்தா.”

நான் எழுந்து மூட்டையை அவிழ்த்தேன். உலை வைத்தேன். கஞ்சி கொதிக்கிற மணம் வந்ததும் அழுதுவிட்டேன். வெட்கத்தில் அழுதேனா, பசியில் அழுதேனா என்று தெரியவில்லை. அப்பா ஜெபம் பண்ணும்போது உன் பெயரை இரண்டு தரம் சொன்னார். பிறகு ஒரு பருக்கை மிச்சமில்லாமல் குடித்தார். நான் உப்புப் போட மறந்திருந்தேன். அவர் அதைச் சொல்லவேயில்லை.

நேற்று மண்டைக்காட்டுக் கடற்புறத்திலிருந்து ததேயுஸ் வந்தான். உன்னோடு கப்பலேறின அதே ததேயுஸ்தான். ஊருக்குத் திரும்பி ஒரு மாதமாயிற்றாம், நம் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உன் அப்பா ரசலையன் அரிசிக்கு வரிசையில் நின்றார் என்று சந்தையில் யாரோ பேசியதைக் கேட்டு, ஓலையில் சாளைமீனைப் பொதிந்து எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். முற்றத்தில் உட்கார்ந்தவன் தலையை நிமிர்த்தவில்லை. “அம்மா, சொல்லப்பிடாதுன்னு ஜான் எனக்க கையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்கான். ஆனா பெரியவரு வரிசையில நிண்ணாருன்னு கேட்டப்பம் என்னால பொறுக்க முடியல்ல” என்று சொல்லி அழுதான்.

அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், மகனே. குடியுரிமைக் காகிதம் இல்லையென்று தோட்டத்து வேலையிலிருந்து உன்னை நிறுத்திவிட்டார்கள். நீ கொழும்பில் சரக்கு மூட்டை அடுக்குகிற கிட்டங்கித் திண்டில் படுக்கிறாய். மூட்டை சுமக்கக் கூப்பிட்டால் போகிறாய், கூப்பிடாத நாளில் ஒரு மடத்தில் ஊற்றுகிற கஞ்சிக்கு நிற்கிறாய். ஊருக்குப் போவோம் என்று ததேயுஸ் அழைத்தபோது, வெறுங்கையோடு அம்மா முன்னால் போய் நிற்கமாட்டேன் என்றாயாம். இந்தப் பிடிவாதம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.

அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் மீனைக் கழுவப் போனேன். நீ எங்களை மறந்துவிட்டாய் என்று இத்தனை மாதமும் உன்மேல் மனத்தாங்கலாய் இருந்தேன். நீ அங்கே பசியோடு கிடக்கையில், நேசபாய் என்ன நினைப்பாளோ என்று இங்கே நான் சிரட்டையில் அரிசி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போதகர் ஐயாவுக்கு நீ ஒன்றும் எழுதவேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே அப்பாவோடு போய் நிற்பேன். நேசபாய் அளந்து போடட்டும், ஊர் பார்க்கட்டும். நீ வந்தால் அந்த அரிசி நம் மூன்று பேருக்கும் காணும்.

நீ படுக்கிற கிட்டங்கிக்குப் பக்கத்தில் என்று ததேயுஸ் சொன்ன கடை விலாசத்துக்குத்தான் இதை அனுப்புகிறேன். அவன் அண்ணன் மரியான் அங்கே கொழும்புத் துறைமுகத்தில் இருக்கிறானாம், கப்பலுக்கும் ரயிலுக்கும் உள்ள காசை அவன் பார்த்துக்கொள்வான். நாணப்படாமல் போய்க் கேள். கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது எனக்கும் தெரியும், கேட்டால் செத்துப்போகமாட்டோம் என்பதும் தெரியும்.

அப்பாவின் கால் வீக்கம் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. இதை எழுதாதே என்றார், நான் எழுதுகிறேன். ராத்திரியில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருக்கிறார். விளக்கை அணைக்கவும் விடுவதில்லை. நீ வருகிற நேரம் வீடு இருட்டாய்க் கிடக்கக்கூடாதாம்.

சட்டை கிழிந்திருந்தால் கிழிந்த சட்டையோடு வா. பெட்டி இல்லையென்றால் பெட்டியில்லாமல் வா. தனுஷ்கோடியில் இறங்கும்போது சுங்கக்காரர்கள் என்ன கொண்டு வந்தாய் என்று கேட்பார்கள். இங்கே யாரும் அதைக் கேட்கமாட்டோம்.

போக்கிலும் வரத்திலும் கர்த்தர் உன்னைக் காப்பாராக. சீக்கிரம் வா, மக்கா.

உன் அம்மா,
ராகேல்