அம்பு அறுக்காத காது

நலம் சிறக்க. செம்பொழில் நாடு முழுதுடையவரும், ஆவரந்துறை அரண்மனையில் அறம் வழுவாது வீற்றிருப்பவருமான மன்னர்பிரான் அவனிநம்பியார் திருவாணை பெற்று, அவர்தம் ஓலைநாயகம் ஏகம்பனார், கார்குன்ற நாட்டுக் கோமானும் ஏழு மலைப் படைக்குத் தலைவரும் தம் இளமைத் தோழருமான சேந்தன் வாணராயர் திருமுன் விடுக்கும் ஓலை.

கார்குன்றத்தில் தினை நிறைய விளைக. சுனைகள் வற்றாதிருக்க. கோமானையும் தேவியாரையும் குடிகளையும் ஆவரந்துறை மேவிய ஈசன் காப்பானாக. இங்கு மன்னரும் மக்களும் நலம். இவ்வோலை கோமான் படித்தபின் பங்குனிப் படைநாளன்று கோட்டைக் கல்வாசலில் எல்லோரும் கேட்க வாசிக்கப்பட வேண்டியது. ஆகையால் கோமான் அறிந்த செய்திகளும் அறியாதவர்பொருட்டு விரித்து எழுதப்படுகின்றன. அரண்மனை வழக்கப்படி, எழுதுவித்த ஏகம்பனாரையும் இவ்வோலை பிறரைப் போலவே பெயர் சொல்லிக் குறிக்கிறது.

கடந்த கார்த்திகையில் கோமானின் ஓலை ஒன்று ஆவரந்துறைக்கு வந்தது. தம் வலக்காதின் அறுந்த மடலைச் சேர்த்துத் தைத்துக்கொள்ள முடிவு செய்திருப்பதாகவும், அக்கலையில் தேர்ந்த கையுடைய அரண்மனை வைத்தியர் நக்கனாரை மாசியில் அனுப்பி உதவ வேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தார். காரணம் எழுதவில்லை. படித்த ஏகம்பனாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஐம்பது வயதைத் தாண்டியவருக்குத் திடீரென்று அழகின்மேல் என்ன ஆசை என்று எண்ணினார். எண்ணியதோடு நில்லாமல் அன்றே மறுமொழியும் எழுதினார். உடம்பு இறைவன் எழுதிய ஓலை என்றும், அதில் அடித்துத் திருத்த மனிதருக்கு உரிமை இல்லை என்றும், வடுவோடு வாழ்வதே அடக்கம் என்றும் எழுதி, வைத்தியர் நக்கனாருக்கு இங்கே வேலை மிகுதி என்று முடித்தார். அந்தக் கடைசி வரி பொய். நக்கனார் அந்த வாரம் முழுவதும் தம் வீட்டு முற்றத்தில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்.

ஏகம்பனாரின் மனக்குறை வேறு. அதை அவர் தமக்கே ஒளித்து வைத்திருந்தார். கார்குன்றக் கோட்டையின் கல்வாசலில் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட புகழுரை அவர் இயற்றியது. அதில் 'அம்பு அறுத்த செவியே அணியாகப் பூண்ட கோமான்' என்று ஒரு வரி உண்டு. பங்குனிப் படைநாளில் அதை உரக்க வாசிப்பார்கள். அந்த வரி வரும்போது படைவீரர் அனைவரும் தத்தம் வலக்காதைத் தொட்டு வணங்குவார்கள். தாம் எழுதியவற்றுள் மக்கள் வாயில் நிலைத்தது அந்த ஒரு வரிதான் என்பது ஏகம்பனாருக்குத் தெரியும். காது சேர்ந்துவிட்டால் வரி என்ன ஆகும்? இதை நினைத்துத்தான் அவர் இறைவனைத் துணைக்கு இழுத்தார்.

இந்தத் தை மாதம் பத்தாம் நாள் கோமானின் இரண்டாம் ஓலை வந்தது. இரண்டே வரி. 'வைத்தியருக்கு வேலை மிகுதியெனில் வேறு கை தேடிக்கொள்ளலாம். அதுபற்றித் தோழர் மனம் வருந்த வேண்டாம்.' ஏகம்பனார் எழுதியதைக் குறித்து ஒரு கடுஞ்சொல் இல்லை. அதைக் கொண்டுவந்தவர் பூவன் என்னும் படைவீரர்; முப்பது வயதிருக்கும். நண்பகல் வேளையாதலால் ஏகம்பனாரின் மனைவி செய்யாள் அம்மையார் அவரை உண்ண அழைத்து இலை போட்டார். அங்கே நடந்த பேச்சைத் திருத்தி எழுதினால் உண்மை குறையும் என்று அம்மையார் கண்டிப்பாகச் சொன்னதால், வாய்ச்சொல்லாகவே இங்கு எழுதப்படுகிறது.

ஆற்றைக் கடந்து வந்ததில் பூவனின் தலைத்துணி நனைந்திருந்தது.

"அத அவுத்துக் காயப்போடு தம்பி. ஈரத்தலையோட சாப்பிட்டா சளி பிடிக்கும்" என்றார் அம்மையார்.

"இருக்கட்டும் தாயி. பழகிப்போச்சு."

"உனக்குப் பழகியிருக்கும். என் இலையில தண்ணி சொட்டுதே."

பூவன் சிரித்துக்கொண்டே துணியை அவிழ்த்தார். வலக்காதின் மடல் இரண்டாகப் பிளந்து, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பிய இடத்தில் வீங்கியிருந்தது. எந்தச் சண்டையில் பட்டது என்று அம்மையார் கேட்டார்.

"இப்பச் சண்டை எங்க தாயி வருது? எங்க கோமானுக்கு அம்பு அறுத்துச்சு. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. அருவாமணையில வச்சு நானே அறுத்துக்கிட்டேன்."

பக்கத்து இலையில் இருந்த ஏகம்பனாரின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அம்மையார் விடாமல் கேட்டார்: "உங்க கோமான் இதுக்கு ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லாம என்ன? போன பங்குனியிலயே, இனி எவனும் அறுக்கக்கூடாதுன்னு ஆணை போட்டாரு. எனக்கு அறுத்தது அம்பு இல்லப்பா, கன்னுக்குட்டின்னு வாசல்ல நின்னு சொல்லவும் செஞ்சாரு. நாங்க நம்புவமா? பெரியவுக தன் பெருமையத் தானே பேசிக்குவாகளா? கன்னுக்குட்டின்னா கல்லுல ஏன் தாயி அம்புன்னு வெட்டி வச்சிருக்கு?"

எத்தனை பேர் அறுத்துக்கொண்டார்கள் என்று ஏகம்பனார் அப்போதுதான் வாய் திறந்து கேட்டார். தம்மோடு முப்பத்தொருவர் என்றார் பூவன். வருகிற படைநாளுக்குள் இன்னும் நாற்பது பேர் அறுத்துக்கொள்வதாக நேர்ந்திருக்கிறார்களாம். சடையன் என்ற வீரர் மட்டும் புண் புரையோடி மார்கழி முதல் படுக்கையில் கிடக்கிறாராம். அதற்கு அவர் நோன்பு சரியாக இருக்காததே காரணம் என்று மற்றவர்கள் பேசிக்கொள்கிறார்களாம். இவ்வளவையும் சொல்லிவிட்டுப் பூவன் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

கோமான் ஏன் காதைச் சேர்த்துக்கொள்ள விரும்பினார் என்பதும், காரணத்தை ஏன் ஓலையில் எழுதவில்லை என்பதும் ஏகம்பனாருக்கு ஒருங்கே விளங்கின. எழுதியிருந்தால், 'உன் வரி என் ஆட்களை வெட்டுகிறது' என்றல்லவா எழுத வேண்டியிருந்திருக்கும். தோழரை நோகடிக்க மனமின்றி, அழகை விரும்புகிறார் என்ற பழியைக் கோமான் தாமே ஏற்றுக்கொண்டார்.

பூவன் கை கழுவப் போனதும் செய்யாள் அம்மையார் சொன்னதையும் எழுத வேண்டியிருக்கிறது. "உடம்பு ஆண்டவன் எழுதின ஓலைன்னு எழுதுனீங்களாக்கும். நரைச்ச தலையக் கரிசலாங்கண்ணித் தைலம் பூசிக் கறுப்பாக்குறீங்களே, அது என்ன, அடித்தலா திருத்தலா?"

இனி, கல்வாசலில் நின்று கேட்போர் அறிய வேண்டிய உண்மை இது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், நெடுந்துறைப் போருக்கு மூன்று நாள் இருக்கையில், சேந்தன் வாணராயர் ஏகம்பனாரின் வீட்டில் விருந்தினராகத் தங்கியிருந்தார். வீட்டுக் கிடாரிக் கன்று ஒன்று வாய்க்கால் சேற்றில் இடுப்பளவு புதைந்துவிட்டது. ஆள் வரட்டும் என்றார் ஏகம்பனார். கோமான் காத்திருக்கவில்லை. பட்டு வேட்டியோடு சேற்றில் இறங்கி, கன்றைத் தோளில் ஏற்றித் தூக்கினார். அது மிரண்டு உதைத்ததில் குளம்பு காதுக் குழையில் மாட்டி மடல் அறுந்தது. குருதி வழிய வழிய, கன்றைக் கரையில் விட்ட பிறகே காதைப் பிடித்துக்கொண்டார். தலைக்கட்டோடுதான் அவர் போருக்குப் போனார். போரில் வென்றது உண்மை. முன்னணியில் நின்றதும் உண்மை. அவர்மேல் அம்பு பட்டதில்லை.

புகழுரை எழுதும்போது ஏகம்பனாருக்கு இது தெரியும். கன்று கல்லில் ஏறும் பொருளன்று என்று அவர் கருதினார். அம்பு என்று எழுதினால் ஓசை நன்றாக விழுந்தது. எழுதிக் காட்டியபோது கோமான், "அந்தக் கன்று கேட்டால் சிரிக்கும்" என்று மட்டும் சொன்னார். ஏகம்பனாரும் சிரித்துவிட்டு, அப்படியே கல்தச்சரிடம் கொடுத்துவிட்டார். சேற்றில் இறங்கிய அந்தக் கணத்தை ஈசன் கண்டிருப்பான். போரை எல்லோரும் கண்டார்கள். ஆளில்லாத வாய்க்காலில் ஓர் உயிருக்காகக் குனிந்ததைக் கண்ட மனிதர் ஒருவர்தான். கண்ட அந்த ஒருவரே அதை மறைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஏகம்பனார் மன்னர்பிரான் முன் சென்று அனைத்தையும் கூறினார். மன்னர், கல்லில் உள்ள பொய் தம் பெயராலும் நிற்பதால் அதைத் தாமதமின்றி நீக்குக என்று பணித்தார். வைத்தியர் நக்கனாரை அழைத்துக் கேட்டபோது அவர் தயங்கவில்லை. "ஒரு காதுக்குக் கேட்டீங்க. நான் முப்பத்திரண்டுக்கு நூல் எடுத்துக்கிட்டுப் போறேன். அறுத்தவங்க கோமானப் பாத்துத்தானே அறுத்தாங்க? சேக்குறதையும் அவரப் பாத்தே சேத்துக்குவாங்க" என்றார். பூவனுக்கு இங்கேயே சேர்த்துவிடலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். பூவன் புண்ணைக் கழுவ மட்டும் இசைந்து, "கோமான் மொதல்ல சேத்துக்கட்டும். பெறகு பாப்போம்" என்று காதைப் பொத்திக்கொண்டார். நக்கனார் கணித்தது சரிதான்.

ஆகவே மன்னர்பிரான் ஆணையாக அறிவிப்பது யாதெனில்: வைத்தியர் நக்கனார் இவ்வோலையோடு புறப்பட்டு வருகிறார். அவர் முதலில் சடையனைப் பார்ப்பார். கோமானின் காது அதன் பிறகே. இதைக் கோமானே விரும்புவார் என்று அறிந்து, கேளாமலே முடிவு செய்யப்பட்டது. மாசி வளர்பிறையில், படைவீரர் பார்க்கும்படியாக, முற்பகல் வெளிச்சத்தில் கோமானின் காது சேர்க்கப்படுக. அறுந்த விளிம்புகளைச் சிறு கத்தியால் சுரண்டிப் பச்சையாக்கி, குறைந்த இடத்துக்குக் கன்னத்துத் தோலில் சிறிது பிரித்து வைத்து, நூலால் தைப்பார் என்றும், பத்து நாள் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கலாகாது என்றும் நக்கனார் சொல்லியிருக்கிறார். பங்குனிக்குள் ஆறிவிடும். வலி இல்லை என்று அவர் சொல்லவில்லை.

காதை அறுத்துக்கொண்ட வீரர் எவரையும் தண்டிக்கலாகாது, எவரும் நகைக்கலாகாது. அவர்கள் அன்பினால் செய்த பிழை அது. அந்த அன்புக்குப் பொய்யை ஊட்டியவர் ஏகம்பனாரே. படைநாளன்று இவ்வோலையை முழுவதும் வாசித்த பின், 'அம்பு அறுத்த செவி' என்னும் வரியைக் கல்தச்சர் எல்லோர் முன்னும் கொத்தி நீக்குக. அவ்விடத்தில் கன்றைப் பற்றி ஒரு புதிய வரி எழுதித்தர ஏகம்பனார் எழுத்தாணியை எடுத்தது உண்மை. "மறுபடியும் அந்த மனுசன் காதையே பாடப்போறீங்களா? அவர விட்டுடுங்க" என்றார் செய்யாள் அம்மையார். எழுத்தாணி கீழே வைக்கப்பட்டது. அவ்விடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

ஆணையில் சேராத வேண்டுகோள் ஒன்று உண்டு. காது தைக்கும்போது நோயாளியின் தலையை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பணியாளர் பிடிப்பதை நக்கனார் ஏற்பதில்லை. யார் கையில் தம் தலையை அஞ்சாமல் விட்டுவிட முடியுமோ அவரே பிடிக்க வேண்டும் என்பது அவர் முறை. கோமான் மனம் இசைந்தால் அந்த இடம் ஏகம்பனாருக்குத் தரப்படுக. இசையாவிட்டால் அதில் குறையொன்றும் இல்லை. அவர் வாசலுக்கு வெளியே இருந்து வேண்டிக்கொள்வார். எவ்வாறாயினும் நக்கனாரோடு அவரும் புறப்பட்டுவிட்டார். தலைக்குத் தைலம் பூசாமல் வருவதால், கோமானின் வாயிற்காவலர் நரைத்தவரைக் கண்டு வேறொருவர் என்று தடுக்காதிருக்க.

சொன்னவை அனைத்தும் உண்மை என்பதற்கு ஆவரந்துறை ஈசன் சான்று. ஏரும் ஆவரம்பூவும் பொறித்த மன்னர்பிரான் முத்திரை இதன்மேல் இடப்பட்டது. இதன்படி நடக்க. கார்குன்றமும் செம்பொழிலும் ஒன்றுக்கொன்று துணையாக நெடுநாள் நிற்க.

முத்திரைக்குக் கீழே உள்ள இவ்வரிகளையும் வாசிப்பவர் விடாமல் வாசிக்க. அந்தக் கன்று பிழைத்தது. வளர்ந்து ஏழு ஈற்று ஈன்றது. அதன் வழிவந்த பசு இன்றும் ஏகம்பனார் வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது. கோமானின் காதுக்கும் மற்றை முப்பத்தொரு காதுகளுக்கும் தேனோடு குழைத்து இடுவதற்காக, அதன் நெய்யைச் செய்யாள் அம்மையார் தம் கையால் உருக்கி, மண்கலயத்தில் கொடுத்தனுப்பியிருக்கிறார். கலயம் பூவன் கையில் இருக்கிறது. சிந்தாமல் கொண்டுவந்தாரா என்று பார்த்து வாங்கிக்கொள்க.